மூணு புள்ளிச் சட்டை

எங்கள் அச்சகத்தில் அவளை எல்லோரும் 'லேபிள்' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக லேபிள் வரைகிறாள். பினாயில் பாட்டில், ஆணிப் பெட்டி, இருமல் மருந்து, பித்த வெடிப்புக் களிம்பு, எலி மருந்து என்று அவள் கை படாத சாமான் இல்லை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் குளியலறை அலமாரியிலோ படிக்கட்டுக்கு அடியிலோ அவள் வேலை ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். அவளைத்தான் யாருக்கும் தெரியாது.

நான் அதே அறையில் எதிர் மேசையில் பிழை திருத்துகிறவள். அவள் படம் போடுவாள். அதற்குக் கீழே 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்கிற வரியில் எழுத்து எதுவும் விழுந்துவிடாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

பெரிய கிண்டல்காரி. எலி மருந்துப் பாக்கெட்டில் மல்லாந்து கிடக்கிற எலிக்கு ஒரு தடவை எங்கள் முதலாளியின் மீசையை வைத்துவிட்டாள். முதலாளி அந்தத் தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, "எலி நல்லா வந்திருக்கும்மா. எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு" என்றார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, மூன்று வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்துவிட்டது. மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். ஆனால் இடது கை மேலே எழும்பவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சாண் தூக்கினாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு, யாரும் முன்கூட்டிச் சொல்லியிராத ஒரு சங்கடம் காத்திருந்தது. அவளிடம் இருந்த உடுப்பு எல்லாமே தலை வழியாகப் போடுகிறவை. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இருபது மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டு திருகாணி முடுக்குகிற மனிதர், ஒரு நைட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தன்னுடைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். அது முன்பக்கம் திறக்கிறது என்பது சரி. ஆனால் வீங்கியிருந்த கையை அந்தச் சட்டைக் கை இறுக்கிப் பிடித்தது. போதாததற்குத் தையலிலிருந்து நீர் வடிய ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு சின்ன பாட்டிலும் கூடவே வந்திருந்தன. அதை ஒரு ஊக்கு குத்திச் சட்டையில் தொங்கவிட்டார்கள். அவள் திரும்பினால் பாட்டில் ஆடும். பாட்டில் ஆடினால் உயிர் போகும்.

மறுநாள் காலையில் மாடி அக்கா பார்க்க வந்தார். அவர்களுக்கு நேர் மேலே மாடியில் குடியிருக்கிறவர். பிறந்தது இந்தோனேசியாவில் ஒரு துறைமுக ஊர். கப்பல் எஞ்சின் மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. தமிழை முழுக்க முழுக்கப் புருஷனிடம் கற்றுக்கொண்டவர் என்பதால், டாக்டரானாலும் போலீஸ்காரரானாலும் அவருக்கு எல்லோரும் 'நீ'தான். 'வாங்க, போங்க' என்பதை வீட்டு ஓனரிடமும் மீட்டர் பார்க்க வருகிறவரிடமும் மட்டும் பேசுவார். ஆளைப் பிடிக்கவில்லை என்றால் கடைசியில் ஒரு 'ங்க' போட வேண்டும் என்பது அவராகக் கண்டுபிடித்த இலக்கணம். வீட்டில் ஒரு தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்தாருக்குத் தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் தைத்துக் கொடுப்பார்.

வந்தவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இறுகிய சட்டைக் கையைப் பார்த்தார், ஆடுகிற பாட்டிலைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலியைக்கூடத் தாங்கிக்கலாம்க்கா. ஒரு சட்டை போட ரெண்டு ஆள் வேண்டியிருக்கே, அதான் முடியலை."

மாடி அக்கா விரலை விரித்து அவள் முதுகைச் சாண் சாணாக அளந்தார். "இரு, வரேன்" என்று போய்விட்டார்.

அடுத்த நாள் மதியம் ஒரு சட்டையோடு வந்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்த பழைய பருத்தித் துணி. கழுத்திலிருந்து கீழே வரைக்கும் முன்பக்கம் முழுவதும் திறப்பு. கை நல்ல அகலம். உள்ளே அந்த பாட்டிலுக்கென்றே ஒரு பை. பட்டன் இல்லை, மூன்றே மூன்று பெரிய கொக்கி.

"கையைத் தூக்காதே. கீழேயே வெச்சுக்கோ. சட்டை உன்கிட்ட வரட்டும்."

வலிக்கிற கை முதலில், நல்ல கை அப்புறம். பாட்டில் பைக்குள் போய் அடங்கியது. கொக்கிகளை அவளே மாட்டினாள். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் பிடிக்கவில்லை.

"எங்க ஊர்ல பொம்பளைங்க போடற கெபாயா இப்படித்தான் இருக்கும்" என்றார் மாடி அக்கா. "அது கொஞ்சம் ஒட்டி நிக்கும். இது உனக்காகத் தாராளமா வெட்டினது. என் பழைய கெபாயா ரெண்டு இதுக்குள்ள போயிடுச்சு."

கட்டி என்று டாக்டர் சொன்னபோது லேபிள் அழவில்லை. ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோதும் அழவில்லை. அன்றைக்கு அழுதாள். "என் சட்டையை நானே போட்டுக்கிட்டேன்டி" என்று போனில் என்னிடம் சொல்லும்போதும் குரல் உடைந்துதான் வந்தது.

தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வார்டு சிஸ்டர் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டார். உள்ளே இருக்கிற பையைத் திருப்பிப் பார்த்தார், கொக்கியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். "எங்க வாங்கினீங்க? என் வார்டுல மட்டும் பதினோரு பேருக்கு இப்பவே வேணும்." மாடி அக்கா பதினொன்று தைத்தார். அடுத்து இன்னொரு வார்டிலிருந்து கேட்டார்கள். நான்கு மாதத்தில் நாற்பதுக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் சிஸ்டரே வீடு தேடி வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி மூலமாவே வாங்கறோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆனா சலவைக்குப் போனா எல்லாத் துணியோடயும் கலந்துடுது. பார்த்த உடனே தெரியற மாதிரி ஒரு அடையாளம் வேணும். கம்பெனிகளுக்கு இருக்குமே, அது மாதிரி ஒரு சின்னம்."

மாடி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "கம்பெனியா? நானும் ஒரு மிஷினும். அந்த மிஷினும் ஒரு பக்கமாச் சாயுது."

"சின்னம் என் பொறுப்புக்கா" என்றாள் லேபிள்.

அப்போது அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. காலையில் அதற்குப் போய்விட்டு மதியம் அச்சகத்துக்கு வருவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வேலைக்காக அவள் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. பினாயில் லேபிளை அரை நாளில் முடித்துக் கொடுக்கிறவள், இதற்கு மூன்று நோட்டைத் தீர்த்தாள். இந்தோனேசிய உடைகள் பற்றிக் கிடைத்த படங்களை எல்லாம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணியில் சாய்வாக அலை அலையாக ஓடுகிற கோடுகள், பறவை இறக்கைகள், கொடிகள். மாடி அக்காவுக்குச் செய்கிறோம், வாழ்நாளில் வரைந்ததிலேயே பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு வெறி.

ஒரு மாதம் கழித்துப் படம் முடிந்தது. கெபாயா போட்ட ஒரு பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி ஆடுகிறாள். பின்னால் வட்டமாகத் தங்க நிறத்தில் அந்தச் சாய்வு அலைகள். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. எனக்கே வாங்கி மாட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை மாடிக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். மாடி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவர் புருஷன் தலையை நீட்டி, "போச்சு, 'ங்க' போட்டுட்டாளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அக்கா, நமக்குள்ள மரியாதை எதுக்கு? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க" என்றாள் லேபிள்.

மாடி அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்தச் சாய்வுக் கோடு இருக்கில்ல, ஒரு காலத்துல அரண்மனைக்காரங்க மட்டும்தான் இதைக் கட்டுவாங்களாம். எங்கம்மா ஊர்த் துணியைத் துவைச்சவ. அவ பொண்ணு தைக்கற சட்டைக்கு இது எதுக்கு? சரி, அதைக்கூட விடு." விரலைப் படத்தில் வைத்தார். "இவ யாரு? ரெண்டு கையையும் இப்படித் தூக்கிட்டு நிக்கறாளே. இவளுக்கு என் சட்டை எதுக்குடி?"

லேபிள் படத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். ஆறு மாதமாகத் தூக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் அப்படி ஒரு படத்தை அவளே வரைந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. பிழை திருத்துகிறவள் என்று பெயர் வேறு.

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் விறுவிறுவென்று படி இறங்கினாள். கோபமாக்கும் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "நான் எனக்கு வேணுங்கறதை வரைஞ்சிருக்கேன்டி. போடறவங்களுக்கு வேணுங்கறதை யோசிக்கவே இல்லை" என்றாள்.

மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை முதலில் தன் உடம்பிடம்தான் கேட்டாள். கதிர்வீச்சில் அக்குளும் கழுத்தோரமும் வெந்து கறுத்திருந்தன. சட்டைக் கழுத்தில் கடைக்காரர்கள் தைத்து அனுப்புகிற துண்டு லேபிள் பட்டால்கூட எரியும். அவள் வீட்டுக்காரர் சின்னக் கத்தரிக்கோலால் அவள் உடுப்பு அத்தனையிலிருந்தும் அந்த லேபிள்களைப் பிரித்து எடுத்திருந்தார். "என் பொழப்பையே வெட்டிப் போட்டுட்டார்" என்று சொல்லிச் சிரிப்பாள். அதனால் இந்தச் சட்டைக்கு உள்பக்கம் எதையும் வைக்கக் கூடாது, சின்னம் வெளியே, நூலில்தான் வர வேண்டும் என்று முடிவாயிற்று.

இறக்கை, கொடி, பூ என்று நாலைந்து வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் தெருவிலேயே இருக்கிற எம்பிராய்டரிக்காரரிடம் போனாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"ரெண்டு விரல் அகலத்துக்குள்ள இவ்வளவு கோடு போட்டீங்கன்னா நூல் எல்லாம் சேர்ந்து கட்டியாயிடும்மா. பின்பக்கம் முடிச்சு முடிச்சா நிக்கும், உடம்புல குத்தும். சின்னப் பிள்ளை வரையற மாதிரி ஏதாவது குடுங்க."

"சின்னப் பிள்ளை மாதிரி வரையறதுக்கா நான் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன்?" என்று என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள். பொரிந்துவிட்டு, அந்த வாரமே மறுபடி மாடி ஏறினாள். இந்தத் தடவை கையில் எதுவும் கொண்டுபோகவில்லை.

"அக்கா, நீங்க போட்ட கெபாயா ஏதாவது இன்னும் இருக்கா? அதைக் காட்டுங்க. படத்துல பார்த்தது போதும்."

மாடி அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றி, வெளிறிய நீலத்தில் ஒரு கெபாயா இருந்தது. கல்யாணத்தன்று போட்டது. ஓரம் முழுக்கக் கைத்தையலில் பூ வேலை. அதோடு ஒரு சின்ன டப்பா. டப்பாவுக்குள் மூன்று ஊசி அணிகள், சட்டையில் குத்திக்கொள்கிற வகை. மேலே ஒன்று பெரிதாக, கீழே இரண்டு சின்னதாக, நடுநடுவே மெல்லிய சங்கிலியால் கோத்திருந்தன.

"கெபாயாவுக்கு பட்டன் கிடையாது. இதைத்தான் குத்துவோம்" என்றார். "பெரிசு அம்மா. சின்னது ரெண்டும் பிள்ளைங்க. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு சங்கிலி அறுந்துபோய், இவர் கப்பல்ல ஏதோ ஒரு கம்பியை வளைச்சு மாட்டிக் குடுத்தார். அந்தச் சங்கிலி மட்டும் கறுத்திருக்கு பார்."

"போட்டுப் பார்க்கட்டுமா?"

மாடி அக்காவே போட்டுவிட்டார். தோளில் சரிந்து வந்து உட்கார்ந்தது. லேபிள் கண்ணாடியைத் தேடினாள்.

"கண்ணாடி எதுக்கு? கண்ணை மூடு. எங்கம்மா எனக்கு அப்படித்தான் பழக்கினா. விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போகணும், வீட்ல விளக்கு இருக்காது. கையால தேடு. பெரிசா எது தட்டுப்படுதோ அதான் அம்மா. அதை முதல்ல குத்து. மத்த ரெண்டும் சங்கிலியைப் பிடிச்சுத் தானா கீழே வந்து நிக்கும்."

லேபிள் கண்ணை மூடினாள். கையை மார்புக்கு மேலே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. விரலில் பெரியது தட்டுப்பட்டது. குத்தினாள். சங்கிலி வழியே விரல் இறங்கியது, அடுத்தது. மறுபடி சங்கிலி, அதற்கடுத்தது. கண்ணைத் திறந்தபோது மூன்றும் நேர்க்கோட்டில் நின்றன.

"அக்கா, ஒரு பேப்பர் குடுங்க."

மாடி அக்காவின் புருஷன் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் ஓரத்தில்தான் வரைந்தாள். மேலே ஒரு பெரிய புள்ளி. அதிலிருந்து தொய்ந்து இறங்குகிற ஒரு கோடு. அப்புறம் ஒரு சின்னப் புள்ளி, மறுபடி ஒரு கோடு, இன்னொரு சின்னப் புள்ளி. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இதை ஒரு மூலையில தைக்க வேணாம்க்கா. கொக்கி இருக்கிற இடத்துலயே தைப்போம். பெரிய புள்ளி மேல் கொக்கிக்கு, சின்னது ரெண்டும் கீழ் கொக்கி ரெண்டுக்கும். நூலை மேடாக் கட்டச் சொல்லலாம். குனிஞ்சு பார்க்க முடியாதவங்க, கண்ணு சரியாத் தெரியாதவங்க விரலாலயே கண்டுபிடிச்சுக்குவாங்க."

மாடி அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி, புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினார். கட்டிலில் உட்கார்ந்து, மறுபடி மேல் புள்ளியிலிருந்து ஓட்டினார்.

"பிடிச்சிருக்காக்கா?"

"நீ சும்மா இரு" என்றார். அந்த 'நீ'யைக் கேட்ட பிறகுதான் லேபிளுக்கு மூச்சு வந்ததாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடி அக்கா சொன்னார்: "இருபத்தேழு வருஷத்துல அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுன்னு கேட்டவ நீ ஒருத்திதான்."

எம்பிராய்டரிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று. "இவ்வளவுதானாம்மா?" மிஷினில் மாட்டினார், நான்கு நிமிடத்தில் முடிந்தது. பின்பக்கம் ஒரு முடிச்சு இல்லை. எங்கள் முதலாளியோ, "ரெண்டரை மாசம் உட்கார்ந்து மூணு புள்ளியா வெச்ச?" என்று கேட்டார். "ஆமாங்க சார், ஒரு மாசத்துக்கு ஒரு புள்ளி கணக்கு, அரை மாசம் லாபம்" என்றாள் லேபிள். நிறத்தில்தான் கொஞ்சம் சண்டை வந்தது. லேபிள் சிவப்பு என்றாள். வார்டு சிஸ்டர், "ரத்தம்னு நினைச்சு டியூட்டி டாக்டர் ஓடி வருவார், வேற சொல்லுங்க" என்றார். கடைசியில் மாடி அக்கா சொன்ன கத்தரிப்பூ நிறம் நின்றது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது மாடியில் மூன்று மிஷின் ஓடுகிறது. இன்னும் இரண்டு பெண்கள் வந்து தைக்கிறார்கள். அதில் ஒருத்தி அந்த வார்டிலிருந்து குணமாகிப் போனவள். சட்டைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோதே வார்டில் 'மூணு புள்ளிச் சட்டை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டியிலும் அதையே அச்சடித்தோம். 'மூணு' பேச்சு வழக்காச்சே, 'மூன்று' என்று திருத்தட்டுமா என்று கேட்டேன். "தொட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றாள் லேபிள். விட்டுவிட்டேன்.

அவள் கை இப்போது காதுவரை போகிறது. தலையை அவளே வாரிக்கொள்கிறாள்.

போன மாதம் வருடாந்தரப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். காத்திருக்கிற இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியம்மா, எழுபது வயதிருக்கும், மூணு புள்ளிச் சட்டை போட்டிருந்தார். பரிசோதனை முடிந்து அப்போதுதான் வெளியே வந்தார் போலிருக்கிறது. மகனிடம் பஸ் நேரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், விரலால் தடவி மூன்று கொக்கியையும் மாட்டிவிட்டார். லேபிள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் ஆபரேஷனாம்மா?"

"ஆமாம்மா. ரெண்டரை வருஷம் ஆச்சு."

"இந்தச் சட்டை உனக்குக் குடுக்கலையா? கேட்டு வாங்கிக்கோ. ரொம்பச் சுலபம், இங்க பாரு." லேபிளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் சட்டைமேல் வைத்தார். "பெரிசா மேடா ஒண்ணு தெரியுதா? அதுல ஆரம்பிக்கணும். அப்புறம் இந்தக் கோடு மேலேயே விரலை விட்டா மத்தது வந்துடும். யாரோ புண்ணியவதி யோசிச்சுப் பண்ணியிருக்கா. என் மருமகளைக்கூட நான் எதிர்பார்க்கறது இல்லை இப்போ."

"அப்படியாம்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள் லேபிள். பெரியம்மா இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாளாம்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, அடுத்த வருடம் வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் நேரே மாடிக்குப் போனாள். பெரியம்மா சொன்னதைச் சொன்னதும் மாடி அக்கா மிஷினை நிறுத்தினார். "மறுபடி சொல்லு" என்றார். சொன்னாள். "யாரோ புண்ணியவதின்னா சொன்னா? அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லு" என்றார். மூன்றாம் தடவை சொல்வதற்குள், உள்ளே படுத்திருந்த புருஷனைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"இப்ப சொல்லு" என்றார்.